கத்தி வைத்தால் பேச்சில்லை

...இதற்கு மேல் இழுத்தால் மூச்சு முட்டும், இதற்குக் கீழே தளர்த்தினால் தண்ணீர் சட்டைக்குள் இறங்கிவிடும், இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது, ஆளுக்கு ஆள் மாறுகிற இடம், அது கண்ணுக்குப் பிடிபடாது, கைக்குத்தான் தெரியும், தம்பியின் கைக்கும் தெரியாமல் இல்லை, ஆனால் இன்றைக்கு அவன் அந்த வெள்ளைத் துணியை அண்ணனின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து முடிச்சுப் போடப் பார்க்கிறான், இரண்டு முனைகளும் பேச்சு முறிந்த சம்பந்தி வீட்டார் மாதிரி எட்ட நின்றுகொண்டு கிட்டே வர மறுக்கின்றன... பெரிய மாஸ்டர் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். என்ன செய்கிறான், பார்ப்போமே. சின்னவன் சட்டைப்பையிலிருந்து துணி காயப்போடும் கிளிப் ஒன்றை எடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துக் கவ்வவிட்டான். அட, கிளிப்பை வீட்டிலிருந்தே எடுத்து வந்திருக்கிறான், அப்படியென்றால் துணி எட்டாது என்று நேற்றே யோசித்திருக்கிறான், படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்திருப்பான், இவன் எப்போதும் அப்படித்தான், அண்ணனுக்கு மழை வருமா என்று யோசித்துக் குடையைத் தூக்கிக்கொண்டு திரிகிறவன், அறுபதை நெருங்கியும் மாறவில்லை. இரண்டு நாற்காலிகள் உள்ள இந்தச் சலூனில் வாசலுக்குப் பக்கத்து நாற்காலி அண்ணனுடையது, உள்ளே இருப்பது தம்பியுடையது, கடைக்கு வருகிறவர்கள் அவரைப் பெரிய மாஸ்டர் என்பார்கள், இவனைச் சின்ன மாஸ்டர் என்பார்கள், சொந்தப் பெயர் இரண்டு பேருக்குமே ரேஷன் அட்டையில்தான் இருக்கிறது.

கடை இன்னும் திறக்கவில்லை. ஷட்டர் முட்டி உயரத்துக்கு ஏறி நின்றது, அதற்குக் கீழே தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் கண்ணாடியில் தெரிந்தன, செருப்புக் கால், ஷூ கால், வெறுங்கால், ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குப் போகிறது, நடக்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல் போகிறது, கொடுத்துவைத்த கால்கள்... இருக்கட்டும், இன்னும் ஒரு வருஷம், அவரும் அந்தக் கூட்டத்தில் இரண்டு காலாக நடந்துபோவார், அதில் அவருக்குச் சந்தேகம் கிடையாது. மத்தியானம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். நாளைக் காலையில் ஆபரேஷன், இரைப்பையை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு ஒரு வாழைப்பழம் அளவுக்கு மிச்சம் வைப்பார்கள், அதற்குப் பிறகு சாப்பாடு தானாகவே கைக்குள் அடங்கும், எடை இறங்கும், எடை இறங்கினால் எலும்பு டாக்டர் முட்டியைத் தொடுவார். இந்த எடையோடு முட்டியை மாற்றினால் புது முட்டியும் பழைய முட்டியோடு சேர்ந்து அழும் என்று அந்த எலும்பு டாக்டர் சொன்னது அவருக்குப் பிடித்திருந்தது, நேராகச் சொன்னார், மழுப்பவில்லை. ஆக, முதலில் வயிறு, பிறகு முட்டி, பிறகு நிற்பது. நிற்பதற்காகத்தான் இத்தனையும்.

அதற்கு முன்னால் இந்தத் தாடி. தாடியை எடுத்தே ஆக வேண்டும் என்றது மயக்க மருந்து கொடுக்கிற டாக்டரம்மா. குள்ளமான அம்மா, கண்டிப்பு அவர் உயரத்துக்கு இரண்டு மடங்கு. வாயைத் திறக்கச் சொன்னார், தலையைப் பின்னால் சாய்க்கச் சொன்னார், பிறகு தாடிக்குள் விரலைவிட்டுத் தாடை எலும்பு எங்கே இருக்கிறது என்று காணாமல்போன சாவியைத் தேடுகிற மாதிரி தேடினார். "இது போயிடணும் ஐயா. மூஞ்சியில மாஸ்க் வச்சா காத்து வெளியே போகாம உட்காரணும், இவ்வளவு முடி இருந்தா உட்காராது." கொஞ்சம் குறைத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டதற்கு, "சுத்தமா எடுங்க" என்றார். இரண்டு காலில் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாத பெரிய மாஸ்டர் அந்த அறையில் தாடிக்காக ஒற்றைக் காலில் நின்று பார்த்தார், நடக்கவில்லை. "உங்களைத் தூங்க வைக்கிறது பெரிய விஷயமில்லை, திரும்ப எழுப்பணும்ல, அதுக்குத்தான் சொல்றேன்." ஏற்கெனவே ராத்திரியில் அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று கண்டுபிடித்து ஒரு காற்று மெஷினைக் கட்டிவிட்டிருந்தார்கள், அதன் மாஸ்க்கிலும் தாடிப் பக்கமாகக் காற்று புஸ்ஸென்று போய்க்கொண்டுதான் இருந்தது, மனைவி அதைக் கேட்டுக்கொண்டே விழித்துக் கிடப்பாள், சத்தம் கேட்டால் எரிச்சல், நின்றால் பயம் என்பாள். சரி, எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தார். முடிதானே, வளரும். முடி வளரும் என்பதை நம்பித்தானே இந்தக் குடும்பமே சாப்பிட்டது.

தாடியை அவரே எடுத்திருக்கலாம். கன்னம் வரைக்கும் எடுத்திருப்பார். கழுத்துதான் இடைஞ்சல், கழுத்து என்று சொல்வதற்கு இப்போது அங்கே மூன்று மடிப்புகள் இருந்தன, ஒன்றை இழுத்துப் பிடித்தால்தான் அடுத்ததில் கத்தி ஓடும், இழுக்க ஒரு கை, கத்திக்கு ஒரு கை, கண்ணாடிப் பக்கம் குனிய ஒரு வயிறு, அந்த வயிறு குனியாது. தம்பிதான் சொன்னான், "நான் எடுக்கிறேன், உன் நாற்காலியிலேயே உட்காரு." உன் நாற்காலி. சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனை வருஷமாக அந்த நாற்காலிக்குப் பின்னாலும் பக்கத்திலும் நின்றிருக்கிறாரே தவிர, அதில் உட்கார்ந்ததில்லை, வாடிக்கையாளர் நாற்காலியில் மாஸ்டர் உட்காரக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம், அப்புறம் உட்காரலாம் என்று மனசு வந்த காலத்தில் உடம்பு உள்ளே போகவில்லை, இரண்டு கைப்பிடிகளும் வழிமறித்தன. நேற்றுச் சாயங்காலம் தம்பி ஸ்பானரும் எண்ணெயுமாக உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளையும் கழற்றிவிட்டான். துருப்பிடித்த நட்டு, லேசில் வரவில்லை. கழற்றிய கைப்பிடிகள் இப்போது எதிர் பெஞ்சில் பக்கம் பக்கமாகக் கிடந்தன, கண்ணாடியில் அவருக்கு நன்றாகத் தெரிந்தன, வழக்கம்போல் நுனியில் ரெக்ஸின் கிழிந்து உள்ளே இருந்த பஞ்சு எட்டிப் பார்த்தது. போன வருஷம்தான் மாற்றியது. சீட்டு தைக்கிற ஆளிடம் எத்தனை தடவை சண்டை போட்டாகிவிட்டது, நடுவில் புதுசு மாதிரி இருக்கிறது, நுனி மட்டும் கிழிகிறது, என்னய்யா ரெக்ஸின் போடுகிறாய் என்று கேட்டால் அவன் சத்தியம் செய்கிறான், நல்ல சரக்குதான் மாஸ்டர் என்று... நல்ல சரக்கு எப்படி நுனியில் மட்டும் கிழியும்?

கத்தரி உள்ளே புகுந்தது. முதலில் நீளத்தைக் குறைக்க வேண்டும், பிறகுதான் சோப்பு. தாடி கொத்துக் கொத்தாக மடியில் விழுந்தது, மேலே வெள்ளை, அடியில் சாம்பல், உள்ளே எங்கேயோ இன்னும் கறுப்பு ஒளிந்திருந்தது, பரவாயில்லையே. "ராத்திரி தூங்கினியா அண்ணே?" "நான் தூங்கினா தெருவுக்கே கேட்குமே, உனக்குக் கேட்கலையா?" கொஞ்ச நேரம் கத்தரிச் சத்தம். "அண்ணி எப்படி இருக்காங்க?" "அவளுக்கென்ன, பாதிச் சமையல்தான் இனிமே, சந்தோஷமா இருக்கா." மறுபடியும் கத்தரிச் சத்தம். இவன் எதையோ சுற்றிச் சுற்றி வருகிறான், கேட்க வந்ததைக் கேட்காமல் ஓரம் ஓரமாக வெட்டிக்கொண்டு வருகிறான், கேட்கட்டுமே, பதில் தயாராகத்தான் இருக்கிறது. இந்த ஆறு மாதமாக எத்தனை பேருக்குப் பதில் சொல்லிவிட்டார். மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்து காலை ஆட்டிக்கொண்டு, "இந்த வயசுல வயித்தை வெட்டிச் சின்னதாக்கி என்ன பண்ணப் போறீங்க மச்சான், ஆணழகன் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கீங்களா?" என்றான். "ஆமா, உன்னைத் தோற்கடிச்சாப் போதும், அதுக்குக் கொஞ்சம் இளைச்சா போதுமாம்" என்றதும் ஆட்டிய கால் நின்றது. ஆஸ்பத்திரியில் மனநலம் பார்க்கிற அம்மா, ரொம்ப மரியாதையாக, ஆபரேஷனுக்குப் பிறகு வாழ்க்கை எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டது. நின்றுகொண்டு இருக்கும் என்றார். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

சர்ஜனிடமும் இதையேதான் சொன்னார். சர்ஜனை முதல் தடவை பார்த்தபோது மற்றவர்கள் சுவரில் மாட்டிய பட்டங்களைப் பார்த்தார்கள், பெரிய மாஸ்டர் கையைப் பார்த்தார். ஆயுதம் பிடிக்கிறவனுக்குக் கைதான் பட்டம். நகம் ஒட்ட வெட்டியிருந்தது, பேனாவை அழுத்திப் பிடிக்கவில்லை, காகிதத்தை மடித்தபோது ஓரம் ஓரத்தோடு சேர்ந்தது, இரண்டாவது தடவை நீவி விடவில்லை. போதும், இந்த ஆளிடம் வயிற்றைக் கொடுக்கலாம் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டார். ஒரே ஒரு குறைதான். இடது கிருதா வலதைவிட இறங்கியிருந்தது, பின்கழுத்தில் கோடு கோணல், யாரோ அவசரத்தில் கை வைத்திருக்கிறான். நாற்காலியில் உட்கார்ந்து ரிப்போர்ட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய நேரத்தில் அவருக்குக் கை அரித்தது. "டாக்டர், தப்பா நினைக்காதீங்க, உங்களுக்கு முடி வெட்டுறது யாரு?" மனைவி அவர் தொடையைக் கிள்ளினாள். சர்ஜன் சிரித்துவிட்டார். நின்று வேலை செய்ய வேண்டும் என்கிற விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சரி மாஸ்டர், நான் உங்க கடைக்கு வர்றேன். ஆனா நீங்க நின்னு வெட்டுறதா இருந்தாத்தான் வருவேன்" என்றார். கை கொடுத்தார். அந்தக் கையும் நடுங்கவில்லை, இந்தக் கையும் நடுங்கவில்லை. ஒருத்தன் தொழிலை ஒருத்தன் மதிக்கிற கை குலுக்கல் அது.

நின்று வெட்டுவது என்றால் சும்மாவா. முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்தபோது பக்கத்துத் தெரு வெல்டிங் கடையில் சொல்லிச் சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்றைச் செய்துகொண்டார், அகலமான சீட்டு, அடியில் நாலு சக்கரம், அதில் உட்கார்ந்தபடியே நாற்காலியைச் சுற்றி உருண்டு உருண்டு வேலை செய்தார், வந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள், மாஸ்டர் வண்டி வாங்கிவிட்டார் என்றார்கள், அவரும் ஹாரன் மட்டும்தான் பாக்கி என்றார். தரையில் நாற்காலியைச் சுற்றி ஒரு வட்டம் தேய்ந்தே போய்விட்டது. ஆனால் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தலையின் பக்கம் தெரியும், பின்புறம் தெரியும், உச்சி தெரியாது. நாற்காலியை எவ்வளவு இறக்கினாலும் உயரமான ஆள் வந்து உட்கார்ந்தால் உச்சி அவருக்கு மேலே போய்விடும், கையைத் தூக்கிக் குத்துமதிப்பாக வெட்டுவார், சீப்பை நம்பி வெட்டுவார். எல்லாம் சரியாகத்தான் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் தம்பி பவுடர் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு, "நான் தட்டிவிடுறேன், நீ உட்காரு அண்ணே" என்று வருவான். வரட்டும், பாசம். ஒருநாள் அவர் தண்ணீர் குடிக்க முகத்தைத் திருப்பிய நேரத்தில் பின்னால் பிரஷ் சத்தத்துக்கு நடுவில் கத்தரிச் சத்தம் கேட்டது. இரண்டே இரண்டு சொடுக்கு. தம்பியின் கத்தரி மூடும்போது கடைசியில் ஒரு சின்னக் கிளிக் வரும், ஊரில் எந்தக் கத்தரிக்கும் அது கிடையாது. அவர் திரும்பவில்லை. தண்ணீரைக் குடித்து முடித்தார், இன்னொரு டம்ளரும் குடித்தார். அண்ணன் உச்சி முடியில் ஏற்ற இறக்கமாக விட்ட படியைத் தம்பி சரி செய்கிறான், எத்தனை நாளாகச் செய்கிறான், எத்தனை தலைக்குச் செய்தான்? அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவானது. இவனிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. இவன் ஏதோ மூச்சுக்காக, சர்க்கரைக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறான், நினைக்கட்டும்.

முடிவு எடுத்த பிறகு அவரைப் பிடிக்க ஆளில்லை. கல்லீரல் சுருங்கினால்தான் உள்ளே கருவி போக வழி கிடைக்கும், அதனால் ஆபரேஷனுக்கு முன்னால் கொஞ்ச நாள் வெறும் நீராகாரம் என்றார்கள். சூப்பும் பவுடர் பாலுமாக மனைவி கிண்ணம் கிண்ணமாக நீட்டினாள், வாங்கி வாங்கிக் குடித்தார், முதல் நாலு நாள் உலகத்தின் மேலேயே கோபம் வந்தது, பக்கத்து வீட்டில் தாளிக்கிற சத்தம் கேட்டால்கூட வழக்குப் போடலாமா என்று இருந்தது, அப்புறம் பசி கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த் தானே ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டது. நுரையீரலுக்கு ஒரு கருவி கொடுத்தார்கள், மூன்று பந்து, குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும். அதைக் கடைக்கே கொண்டுவந்தார். முதலில் ஒரு பந்து அசைந்து கொடுத்தது, பிறகு இரண்டு ஏறின, மூன்றாவது மட்டும் கல்லுளிமங்கன், கீழேயே கிடந்தது. முடி வெட்ட வந்தவர்கள் வெட்டிக்கொண்ட பிறகும் போகாமல் உட்கார்ந்து, இழுங்க மாஸ்டர், இழுங்க என்று கத்தினார்கள், போன வாரம் மூன்றாவது பந்து ஏறி ஒரு நொடி நின்றபோது தபால்காரர் கையைத் தட்டினார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து குழாயடி வரைக்கும் நடந்தார், பிறகு திருப்பம் வரைக்கும். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்திருக்கப் பழகச் சொன்னார்கள், பழகினார், எழுந்ததும் மனைவி யாரோ பரிசு வாங்கின மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள். ஆபரேஷன் ஆன மறுநாளே நடக்க வைப்பார்களாம். வைக்கட்டும். நான் தயார், நீங்கள் தயாரா என்று கேட்கிற நிலையில் இருந்தார் அவர்.

கத்தரி வேலை முடிந்தது. தம்பி வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து முகத்தில் சுற்றினான், சூடு சரியாக இருந்தது, ஆவி மூக்கில் ஏறியது, அடேயப்பா, இவ்வளவு சுகமா இது, இதை இத்தனை பேருக்குச் செய்துவிட்டு ஒருநாளும் வாங்கிக்கொள்ளவில்லையே. பிறகு பிரஷ், நுரை, வட்டம் வட்டமாகக் கன்னத்தில். நுரை போட ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிடும், அது கடையின் சட்டம். கத்தரி நடக்கும்போது ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசலாம், கத்தி வைத்தால் பேச்சில்லை. கேள்வி கேட்கவே கூடாது. கடை ஆரம்பித்த புதிதில் தம்பி ஒருவருக்குக் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, மகளுக்கு வரன் அமைந்ததா என்று கேட்டுவிட்டான், அந்த மனிதர் பெருமையில் அமைந்துவிட்டது என்று தலையை ஆட்டினார், பிறகு ரத்தத்தை நிறுத்தப் படிகாரக் கல் பாதி கரைந்தது. அன்று ராத்திரி தம்பி அழுதான். அண்ணன்தான் அந்தச் சட்டத்தைப் போட்டார், அன்றிலிருந்து அவன் அதை மீறியதில்லை. கத்தியைக் கையில் எடுத்துவிட்டால் சின்ன மாஸ்டர் ஊமை என்று வாடிக்கையாளர்களே கேலி செய்வார்கள்.

கத்தி இடது கன்னத்தில் இறங்கியது. நல்ல கை. இதைச் சொல்லாமல் இருக்க முடியாது, நல்ல கை, அழுத்தவில்லை, தயங்கவில்லை, முடி வளர்ந்த திசையோடு போகிறான். இடது கன்னம் முடிந்ததும் தம்பி கத்தியைத் துடைக்க நகர்ந்தான், கண்ணாடியில் பாதி முகம் தெரிந்தது, வலது பக்கம் பழைய பெரிய மாஸ்டர், இடது பக்கம் யாரோ ஒரு வெளுத்த ஆள், வெயிலே படாத தோல், தொங்கிய தாடை. யாரய்யா நீ? சிரிப்பு வந்தது. சிரித்தால் நுரை வாய்க்குள் போகும், அடக்கிக்கொண்டார். வலது கன்னமும் முடிந்தது. இனிக் கழுத்து. தம்பி நாற்காலியின் பின்பக்க லீவரை அழுத்தினான், நாற்காலி மெதுவாகச் சாய்ந்தது, கண்ணாடி கீழே நழுவிப் போனது, எதிர்பாராமல் கடையின் கூரை கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

என்ன கர்மம் இது? இதுவா நம் கூரை? மூலையில் ஒட்டடை, மின்விசிறி இறக்கையின் அடிப்பக்கத்தில் விரல் கனத்துக்கு அழுக்கு, நடுவில் எப்போதோ தண்ணீர் கசிந்து காய்ந்த பழுப்புக் கறை, ஒரு காது மாதிரி. கண்ணாடியைத் தினமும் துடைக்கிறோம், தரையை மூன்று வேளை பெருக்குகிறோம், மேலே ஒருநாளும் அண்ணாந்து பார்க்கவில்லையே, வந்து சாய்கிறவர்கள் எல்லாரும் இத்தனை வருஷமாக இதையா பார்த்துக்கொண்டு கிடந்தார்கள், ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? கண்ணாடியில் ஒரு புள்ளி இருந்தால் சொல்கிறார்கள், துண்டு ஈரமாக இருந்தால் சொல்கிறார்கள், பேப்பர் நேற்றையது என்றால் சண்டைக்கு வருகிறார்கள், இந்தக் கூரையைப் பற்றி ஒரு மனிதர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அவர்கள் எங்கே பார்த்தார்கள், தூங்கிவிடுகிறார்களே. அதுதான் பெரிய மாஸ்டருக்கு இந்தத் தொழிலில் இருக்கிற ஒரே கர்வம். அவர் கத்தியை எடுத்துத் தொண்டையில் வைத்ததும் ஆள் கண்ணை மூடிவிடுவார். பாங்க் அதிகாரி, எப்போதும் படபடப்பாக வருகிறவர், சாய்ந்ததும் பச்சைக் குழந்தையாகிவிடுவார். போலீஸ்காரர் ஒருவர் குறட்டையே விடுவார். தொண்டையில் கூரான இரும்பை வைத்த இடத்தில் ஒருத்தன் தூங்குகிறான் என்றால் அந்தக் கை எப்பேர்ப்பட்ட கையாக இருக்க வேண்டும் என்று தம்பியிடமும் மனைவியிடமும் சொல்லாத நாளில்லை, அந்த மயக்க மருந்து அம்மாவிடமும் சொன்னார், நீங்க மருந்து கொடுத்துத் தூங்க வைக்கிறீங்க, நான் சும்மாவே தூங்க வைப்பேன் என்று. நாளைக்கு அவர் முறை. படுக்க வேண்டும், கண்ணை மூட வேண்டும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். இதில் என்ன இருக்கிறது. நல்ல கை, ஓரம் ஓரத்தோடு சேருகிற கை.

தம்பியின் இடது கை முதல் மடிப்பை மேலே இழுத்துப் பிடித்தது. கத்தி தொட்டது. குளிர்ச்சியாக ஒரு கோடு கீழிருந்து மேலே வந்தது, நின்றது, மறுபடியும் பக்கத்தில் ஒரு கோடு. துடைக்கிற சத்தம். இரண்டாவது மடிப்பு. விசிறி சுற்றுகிற சத்தம், தெருவில் ஒரு சைக்கிள் மணி. கத்தி தொண்டைக் குமிழுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அண்ணே."

பேசுகிறான். கத்தியை வைத்துக்கொண்டு பேசுகிறான்... முட்டாளே, என்ன சட்டம் போட்டிருக்கிறோம்...

"பயமா இருக்கா அண்ணே?"

கத்தி நகரவில்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது, இவன் மறந்து பேசவில்லை. கத்தரி நடந்த நேரமெல்லாம் இதைத்தான் கேட்கப் பார்த்தான், இரண்டு தடவை பக்கத்தில் வந்தான், இரண்டு தடவையும் அவர் கேலி பேசித் துரத்திவிட்டார், ஆறு மாதமாகவே துரத்திக்கொண்டுதான் இருக்கிறார். இப்போது அவரால் வாயைத் திறக்க முடியாது, தலையை ஆட்ட முடியாது, கேலி செய்ய முடியாது. நாற்பது வருஷத்து ஊமை இதற்காகவே இந்த இடம் பார்த்துப் பேசியிருக்கிறான், அவன் குரலில் ஈரம் இருந்தது, அடப்பாவி, உனக்குத்தான்டா பயம், அண்ணன் போய்விடுவானோ என்று பயம், குடையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய்... சரி, வாய் இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே, ஒரு பார்வை பார்த்தால் போதும், போடா பைத்தியக்காரா, எனக்கென்ன பயம் என்று கண்ணாலேயே சொல்லிவிடலாம் என்று தம்பியின் முகத்தைத் தேடினார். முகம் தெரியவில்லை. கூரையும் தெரியவில்லை, விசிறி தெரியவில்லை, அந்தக் காது மாதிரிக் கறையும் தெரியவில்லை.

கண் மூடியிருந்தது. எப்போது மூடியது? கத்தி கழுத்தைத் தொட்டபோதா, அதற்கு முன்னாலேயேவா? தூக்கம் இல்லை, தூக்கத்தின் சாயல்கூட இல்லை, உடம்பு முழுக்க விழித்துக் கிடந்தது, ஒவ்வொரு மயிர்க்காலும் அந்தக் கத்தி எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தது. துணிக்கு அடியில் அவருடைய இரண்டு கைகளும் பக்கவாட்டில் எதையோ துழாவின, அங்கே ஒன்றும் இல்லை, கடைசியில் வேட்டியைப் பிடித்துக் கசக்கிக்கொண்டு நின்றன, விரல் நுனிகள் வலித்தன. கைப்பிடி. நுனியில் மட்டும், விரல்கள் இறுக்கிப் பிடிக்கிற இடத்தில் மட்டும் கிழிகிற ரெக்ஸின். நல்ல சரக்குதான் மாஸ்டர்... பாங்க் அதிகாரி, அவருக்குப் பின்னால் வரிசையாக எத்தனை பேர், தொண்டையை நீட்டிக்கொண்டு, கண்ணை இறுக்கிக்கொண்டு... தூங்கவில்லையா, யாருமே தூங்கவில்லையா? அந்தப் போலீஸ்காரரின் குறட்டைகூடவா? சரி, தூங்கவில்லை, அப்படியென்றால் அடுத்த வாரமும் ஏன் வந்தார்கள், கூட்டம் இருந்தாலும் காத்திருந்து அதே நாற்காலியில் ஏன் சாய்ந்தார்கள், பயந்துகொண்டேவா கொடுத்தார்கள், பயந்துகொண்டே கொடுக்க முடியுமா?

தம்பியின் கை காத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது மடிப்பு இன்னும் பாக்கி. பெரிய மாஸ்டர் கண்ணைத் திறக்கவில்லை, தாடையை மட்டும் இன்னும் கொஞ்சம் மேலே தூக்கிக் கொடுத்தார்.